இசக்கியப்பன் செத்திருந்த ஞாயிற்றுக்கிழமை

தூத்துக்குடியில் அமலி டீச்சரிடம் ஞாயிறுதோறும் பங்குச்சந்தைப் பாடம் படிக்கப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். டீச்சருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ரிட்டையர் ஆனவர்கள். அதிலும் இசக்கியப்பன் அண்ணாச்சி இருக்கிறாரே, அவர் சீடன் என்றால் சீடன். டீச்சர் தும்மினால்கூட அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைக்கிற ஆள்.

அண்ணாச்சி துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவர். ஒரே மகள் கோமதி. இருபத்தாறு வயதிலும் அம்மா ஊட்டினால்தான் சாப்பாடு. அவளைத் தனியே விட முடியாது என்பதால் அண்ணாச்சி வகுப்புக்கு வரும்போது மனைவி வடிவும் மகளும் கூடவே வந்து கடைசி பெஞ்சில் இருப்பார்கள். இங்கே பாடம் நடக்கும். அங்கே வடிவு மகளின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பார். எங்களில் யாரும் அவரிடம் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தோன்றவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி எழுந்து கேட்டார்.

“டீச்சர், ரிட்டையர்மென்ட் பணத்துல பாதிய அமெரிக்கப் பங்குல போட்டுட்டேன். போன்லயே வாங்கியாச்சு. மிச்சத்துல இன்னும் எவ்வளவு போடலாம்?”

“இந்தப் பணம் எதுக்கு அண்ணாச்சி?”

“எங்க காலத்துக்கு அப்புறம் கோமதிக்கு. ரூபாய் இறங்கினாலும் டாலர் நிக்கும்லா? எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கேன்.”

டீச்சர் கடைசி பெஞ்சில் இருந்த கோமதியைப் பார்த்தார். பிறகு, “செத்துப்போங்க,” என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அந்தப் பெஞ்சுல படுங்க. போனை வடிவு மைனி கையில குடுங்க. நான் சொல்ற வரைக்கும் நீங்க இல்ல. வாய் திறக்கப்படாது.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் அண்ணாச்சி சண்டைக்குப் போயிருப்பார். டீச்சர் சொன்னதால் சிரித்துக்கொண்டே படுத்தார். நாங்களும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

“வடிவு மைனி, அண்ணாச்சி போயிட்டாங்க. கோமதிக்குன்னு அவங்க வச்சிட்டுப் போன பணத்தை எடுங்க.”

வடிவு போனை வாங்கி முழித்தார். “இவிய ஏதோ பாத்துக்கிட்டு இருப்பாவ. எனக்கு என்ன தெரியும்?”

“பணம் எந்த நாட்டுல இருக்கு?”

“துபாயா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

போன் திறப்பதற்கு விரல் கேட்டது. வடிவு போய்க் கணவரின் கையைத் தூக்கினார். டீச்சர் அந்தக் கையை மெதுவாக வாங்கிப் பெஞ்சிலேயே வைத்தார்.

“இந்தக் கை இப்ப இல்ல மைனி.”

வடிவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“அப்ப... அந்தக் கம்பெனிக்காரனுக்கு போன் போட்டுக் கேப்பேன்.”

“கேளுங்க. நான்தான் கம்பெனி. நீங்க யாரு?”

“இவிய வீட்டுக்காரி.”

“இந்தக் கணக்குல நாமினின்னு யார் பேரும் இல்லையேம்மா.”

“நான் பொண்டாட்டில்லா!”

“எங்க நாட்டுச் சட்டம் ஒத்துக்கிற மாதிரி காகிதம் வேணும். வக்கீல் வச்சு வாங்கி அனுப்புங்க.”

“அதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“தெரியாதும்மா.”

“அதுவரைக்கும் எம்புள்ளைக்கு?”



வடிவு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இது பாடம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். “எங்கதான் வச்சிருக்கிய? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? இவளக் கூட்டிட்டு நான் யார் வாசல்ல போய் நிக்க?” என்று வாய்விட்டே அழுதார். அம்மா அழுவதைப் பார்த்துக் கோமதியும் அழுதாள்.

மூடியிருந்த கண்ணிலிருந்து அண்ணாச்சிக்குத் தண்ணீர் இறங்கியது. ஆனாலும் மனுஷன் வாய் திறக்கவில்லை. டீச்சர் இன்னும் சொல்லவில்லையே.

“எந்திரிங்க அண்ணாச்சி.”

எழுந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். மகள் பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை.

“தப்புதான் டீச்சர். எல்லாத்தையும் வித்துரட்டுமா?”

“நான் விக்கச் சொல்லலையே. நீங்க வாங்கினது நல்ல பங்குதான்.”

“அப்ப இன்னும் எவ்வளவுதான் போட?”

“இப்ப மைனி எவ்வளவு எடுத்தாங்க?”

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். “ஒண்ணும் எடுக்கலையே டீச்சர்.”

“அவ்வளவு போடுங்க,” என்றார் டீச்சர்.