இஞ்ஞாசி போட்ட கையெழுத்து

இஞ்ஞாசிக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வான்மதிக்கு முப்பத்தொன்று.

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் வொர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் லாரியும் டிராக்டரும் பார்த்தவர் இஞ்ஞாசி. அந்த வொர்க்‌ஷாப்பை மூடிய மறுவாரம் அவராகவே வான்மதியின் பட்டறைக்கு வந்தார். புது வண்டிகள் தனக்குப் பிடிபடவில்லை, முதலிலிருந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.

வான்மதி ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். பட்டறை நடத்திக்கொண்டே வாரத்தில் இரண்டு மாலை ஐ.டி.ஐ.யில் வகுப்பும் எடுத்தாள்.

"முதல்ல இருந்துன்னா முதல்ல இருந்துதாண்ணே" என்றாள்.

அவர் சம்மதித்தார். ஆரம்பத்தில் விளையாட்டுக்காக அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். ஒரு மாதத்தில் அது விளையாட்டாக இல்லை.

சொன்னதையெல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

பிரேக் போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையில் சட்டம். அந்த ரென்ச்சில் வேண்டிய அளவை வைத்துக்கொண்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். குறைந்தால் போல்ட் ஓட்டத்தில் தளரும். கூடினால் உள்ளுக்குள் இழுபட்டு என்றைக்காவது அறுந்துபோகும். முறுக்கி முடித்ததும் வண்டியின் அட்டையில் டார்க் என்கிற அந்த அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இஞ்ஞாசி அப்படித்தான் செய்துவந்தார். ஆனாலும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும், யாரோ பின்னால் நின்று தன்னைச் சந்தேகப்படுவது போல அவருக்கு இருக்கும்.

ஒரு நாள் பொன்னுரங்கத்தின் வேன் பட்டறைக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை மலையிலிருந்து ஐந்து பேரை டயாலிசிஸுக்காகப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போகும் வேன் அது. முன் பிரேக்குக்குப் புது பேடு போட வேண்டும். மறுநாள் சாயங்காலம் கொடுத்தால் போதும் என்று பொன்னுரங்கம் சொல்லியிருந்தார். பேடை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் பூட்டி வைத்திருந்தார் இஞ்ஞாசி. வான்மதி வகுப்பெடுக்கக் கிளம்பிப் போயிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பொன்னுரங்கம் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் தேதியை மாற்றிவிட்டார்களாம். விடிந்ததும் கிளம்ப வேண்டுமாம்.

பொன்னுரங்கம் எஸ்டேட் காலத்திலிருந்தே பழக்கம். பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினார். மண் சரிந்த மழையில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு இஞ்ஞாசி ஆக்ஸில் மாற்றியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அலமாரியிலிருந்து டார்க் ரென்ச்சை எடுத்துவந்து, ஒரு சத்தத்துக்குக் காத்திருக்க இஞ்ஞாசிக்குக் கூச்சமாக இருந்தது. சாதாரண ஸ்பானரை எடுத்தார். சக்கரத்துக்கு இரண்டாக நாலு போல்ட்டையும் முறுக்கினார். சக்கரங்களை மாட்டினார்.

பிறகு அட்டையை எடுத்து, 'டார்க் பார்த்தது, 35' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே வான்மதி வந்துவிட்டாள். வேன் நின்ற இடம் காலியாக இருந்தது. இஞ்ஞாசி நடந்ததைச் சொன்னார். அவள் அட்டையை எடுத்து வாசித்தாள்.

"டார்க் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன் டீச்சர்."

"எதுல பாத்தீங்க?"

இஞ்ஞாசி அலமாரியில் ரென்ச் வைக்கும் நீளமான பெட்டியைக் காட்டினார்.

வான்மதி தோளில் கிடந்த பையை இறக்கினாள். உள்ளேயிருந்து துணியில் சுற்றிய டார்க் ரென்ச்சை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"நேத்து இது என் கூட வகுப்புல இருந்துச்சு" என்றாள்.

இஞ்ஞாசிக்குக் காது இரண்டும் சுட்டன. நின்ற இடத்திலேயே நின்றார். அவள் ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். வேன் எப்போது கிளம்பியது என்று மட்டும் அவள் கேட்டாள். பொன்னுரங்கத்தின் போனுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தாள். காட்டுப் பாதையில் சிக்னல் இல்லை.

"வாங்க" என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

இஞ்ஞாசி பின்னால் உட்கார்ந்தார். ரென்ச் அவர் மடியில் கிடந்தது. வேன் எஸ்டேட் எஸ்டேட்டாக நின்று ஆளேற்றிப் போகும். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குள் பிடித்துவிடலாம். அதற்கப்புறம் நாற்பது வளைவு. நாற்பதிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இறங்க வேண்டும். அந்தச் சாலையில் அவர் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறார். அன்றைக்கு முதல்முறையாக ஒவ்வொரு வளைவையும் மனசுக்குள் எண்ணினார்.

"நல்லா இறுக்கித்தான் விட்டிருக்கேன் டீச்சர்" என்றார் அவள் முதுகைப் பார்த்து.

காற்றில் அது கேட்டதோ இல்லையோ, அவள் வேகத்தைக் கூட்டினாள்.

வளைவுகளுக்கு முன்னால் இருக்கும் டீக்கடையில் வேன் நின்றது. நோயாளிகளில் ஒருவருக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தியிருந்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியவர்கள், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வான்மதி ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்கி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். இஞ்ஞாசி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சரிவிலிருந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காக அவள் பேசப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது.

டீக்கடை வரைக்கும் பத்தடிதான் இருக்கும். அதை நடக்க அவருக்கு வெகு நேரம் ஆனது போலிருந்தது.

"பொன்னு, வண்டிய எடுத்துடாத. சக்கரத்தக் கழட்டணும்."

பொன்னுரங்கம் சிரித்தார். நேற்றுத்தானே நீங்களே பார்த்தீர்கள், இப்போது என்ன என்றார்.

"பிரேக் போல்ட்டுக்கு அளவு பாக்கல."

"அட்டையில எழுதியிருந்தீங்களே."

"எழுதினேன். பாக்கல."

பொன்னுரங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. வண்டிக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஜன்னலோரம் வெள்ளத்தாயி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இஞ்ஞாசி வேலை பார்த்த அதே எஸ்டேட். கையில் துணிப்பட்டை கட்டியிருந்தது. எவ்வளவு நேரமாகும் என்று அவர் கேட்டார். முக்கால் மணி நேரம் என்றார் இஞ்ஞாசி. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்து வைத்திருப்பார்கள். பிந்திப் போனால் மிஷினில் அவ்வளவு நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அடுத்த ஆள் காத்திருப்பார். குறைந்த அன்றைக்கெல்லாம் ராத்திரி மூச்சு வாங்கும் என்று வெள்ளத்தாயி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் போலத்தான் சொன்னார்.

"நேத்தே சொல்லியிருந்தா நாங்க விடியக்காலை பஸ்ஸுல போயிருப்போம் தம்பி."

இஞ்ஞாசி தலையை நிமிர்த்தவில்லை.

ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கம் ஜாக்கியை எடுத்துவந்து போட்டார். முதல் சக்கரம் கழன்றது. இஞ்ஞாசி மண்டியிட்டு ரென்ச்சை முதல் போல்ட்டில் மாட்டி இழுத்தார். போல்ட் அசையவில்லை. டிக் என்றது.

அவருக்கு உயிர் வந்தது. "சரியா இருக்கு டீச்சர்" என்றார்.

வான்மதி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"குறையலைன்னு தெரியுது. கூடலைன்னு தெரியலையேண்ணே."

பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக் கொடுத்தாள். போல்ட்டின் தலையிலிருந்து அதைத் தாங்கும் இரும்பு வரைக்கும் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னாள். பிறகு போல்ட்டைத் தளர்த்திவிட்டு, சத்தம் கேட்கும் வரை திரும்ப முறுக்கச் சொன்னாள். நேற்று முறுக்கியது சரியான அளவாக இருந்தால் கோடு மறுபடி ஒன்றாகச் சேரும். கூடியிருந்தால் சேராமல் விலகி நிற்கும்.

இஞ்ஞாசி கோடு போட்டார். தளர்த்தினார். திரும்ப முறுக்கினார். டிக்.

கோடு சேர்ந்திருந்தது.

இரண்டாவதும் சேர்ந்தது. அந்தச் சக்கரத்தை மாட்டி அடுத்ததைக் கழற்றினார்கள். மூன்றாவது போல்ட். அதுவும் சேர்ந்தது. நாலாவதற்கு வரும்போது பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்துவந்து பின்னால் நின்று பார்த்தார்கள். டீக்கடைக்காரரும் வந்துவிட்டார். நாலாவது கோடு ஒரு நூல்கூட விலகாமல் வந்து நின்றது.

பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இஞ்ஞாசியின் முதுகில் தட்டினார்.

"இந்தக் கைக்கு மிஷின் எதுக்குங்கறேன்? வீணா முக்கால் மணி நேரம் போச்சு."

சொல்லிவிட்டு வான்மதியை ஒரு பார்வை பார்த்தார். டீக்கடைக்காரரும் தலையாட்டினார். இருபத்தாறு வருஷம் என்றால் சும்மாவா என்றார்.

இஞ்ஞாசிக்கு நெஞ்சு விம்மியது. அது ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் அவர் வாயைத் திறக்கவில்லை. தாமதமானதற்குக் காரணம் அந்தப் பெண் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வான்மதி ரென்ச்சைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நோயாளிகள் ஏறினார்கள். பொன்னுரங்கம் அவசரமாக வண்டியைக் கிளப்பினார். ஜன்னலோரம் வெள்ளத்தாயி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இன்னொருவர் சிக்னல் கிடைக்கிறதா என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டுமே. வேன் முதல் வளைவில் இறங்கி மறைந்தது. அடுத்த வளைவில் ஒருதரம் தெரிந்தது. பிறகு ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

இஞ்ஞாசி சாலையோரத்தில் வெகு நேரம் நின்றார். வான்மதி அவரை அவசரப்படுத்தவில்லை.

நாளையிலிருந்து தான் வரவில்லை என்று அவர் சொன்னார். அவள் ரென்ச்சைப் பைக்குள் வைத்தாள். பொன்னுரங்கம் அப்படிப் பேசும்போது தான் சும்மா நின்றது தப்பு என்றார்.

பிறகு அவர் கேட்டார்.

"டீச்சர், நாலு போல்ட்டும் சரியாத்தான் இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்க. ஒண்ணாவது தளர்ந்திருந்தா வெட்கப்படறதுல அர்த்தம் இருக்கு. எல்லாம் சரியா இருந்தும் எனக்கு ஏன் தலையத் தூக்க முடியல?"

வான்மதி அவரைப் பார்த்தாள்.

"முறுக்கின கை பொய் சொல்லலையேண்ணே. கையெழுத்துதான் சொல்லுச்சு" என்றாள்.