எல்கேஜியில் ஒரே ஒரு இடம்

ஒரு வழக்கு சொல்றேன், தீர்ப்பை நீங்க சொல்லுங்க. கொலை, கொள்ளை, சொத்துத் தகராறு எதுவும் இல்ல. வழக்குல மாட்டுன ரெண்டு பேருக்கும் சேர்த்தே வயசு எட்டுதான்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆளுங்க நெறைய குடியிருக்கிற ஒரு தெரு. அங்க ஒரு நர்சரி ஸ்கூல். எல்கேஜியில நாப்பது புள்ளைங்க, ஒரே டீச்சர். போன வருஷம் அதுல ஒரு பையன், பாத்ரூம் போகணும்னு கேக்கக் கூச்சப்பட்டு, நனைஞ்ச டவுசரோட சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தான். மறுநாள்லருந்து வேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்குவான். அந்த வருஷம் பூரா ஸ்கூல் பக்கமே வரல.

அதுக்கப்புறம் நடந்த மீட்டிங்ல ஹெச்.எம். செசிலி டீச்சர் சொன்னாங்க: "எழுத்தையும் பாட்டையும் நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம். அதுக்குத்தான் ஸ்கூலு. ஆனா நாப்பது பாட்டில் மூடியை ஒரு டீச்சரால தொறந்து விட முடியாது."

அப்படி ஆரம்பிச்சதுதான் 'அரும்பு' வகுப்பு. எல்கேஜிக்கு இன்னும் கொஞ்சம் பக்குவப்படணும்ங்கிற புள்ளைங்களுக்கு. கொஞ்சம் பேர்தான் இருப்பாங்க. டீச்சரும் ஆயாவும் பக்கத்துலயே இருப்பாங்க. பேரு அழகாத்தான் வெச்சாங்க. தெருவுல அதுக்கு 'அரை கிளாஸ்'னு வேற பேரு வெச்சிட்டாங்க.

இந்த ஜூன்ல டைலர் சென்னியப்பன் தன்னோட ரெட்டைப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தாரு. நிவிதா, கவின். நிவிதா சித்த நேரம் முன்னாடி பொறந்ததால அக்கா. எல்கேஜியில ஒரே ஒரு எடம்தான் பாக்கி. அரும்புல எடம் இருந்துச்சு.

பேரென்னன்னு ஹெச்.எம். கேட்டதுதான் தாமசம். நிவிதா தன் பேரு, அப்பா பேரு, அப்பா வண்டியோட கலரு, அந்த வண்டி சாக்கடையில விழுந்த கதை வரைக்கும் சொல்லிருச்சு. சென்னியப்பன் ஃபேனைப் பாத்தாரு. அப்புறம் நிவிதா ஏ-லருந்து இசட் வரைக்கும் மூச்சு விடாம ஒரு ஓட்டம்.

ஹெச்.எம். கவின் பக்கம் திரும்பினாங்க. "உனக்கு என்ன சாப்பிடப் புடிக்கும் கண்ணு?"

"அவனுக்குப் பரோட்டா, மிஸ்," அப்படின்னா நிவிதா.

"அவன் சொல்லட்டும்மா."

"அவன் சொல்ல மாட்டான் மிஸ். நாந்தான் சொல்லுவேன்."

கவின் ஆமான்னு தலையாட்டுனான். நல்ல வக்கீல் கெடைச்ச கட்சிக்காரன் மாதிரி.

இவ்வளவு பேசுனதுல வக்கீலுக்குத் தாகம். நிவிதா பாட்டிலைப் பக்கவாட்டுல நீட்டுனா, திரும்பிக்கூடப் பாக்கல. கவின் மூடியைத் திருகிக் குடுத்தான். குடிச்சதும் வாங்கி மூடி வெச்சான். கொஞ்ச நேரத்துல அவனா எந்திரிச்சு, ஆயாகிட்ட வழி கேட்டு பாத்ரூம் போனான். ஈரக்கையைச் சட்டையில தொடச்சிட்டே திரும்பி வந்து உக்காந்தான்.

எல்கேஜி ரூமைக் காட்டறேன்னு நிவிதாவை மட்டும் ஹெச்.எம். கூட்டிட்டுப் போனாங்க. நிவிதா பாட்டிலை ஆட்டிக்கிட்டே போறா. கவின் மெதுவா எந்திரிச்சு, அங்க நின்னுட்டிருந்த, அரும்பு வகுப்பு எடுக்கிற நூர்ஜகான் டீச்சரோட சேலையைப் புடிச்சு இழுத்தான்.

"மிஸ், அவளுக்கு மூடி தொறக்க வராது. பாத்ரூமும் நான் சொன்னாத்தான் போவா."

சொல்லிட்டு மறுபடியும் போய் உக்காந்துட்டான்.

ஹெச்.எம். திரும்பி வந்ததும் முடிவைச் சொன்னாங்க. "பொண்ணு எல்கேஜி, பையன் அரும்பு. அவங்கிட்ட ஒரு வார்த்தை வாங்க முடியல, இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டாரு. "பிரிக்க வேண்டாமுங்க மிஸ். ரெண்டையும் அரும்புலயே போட்டுருங்க. நாலு வயசுலயே பெயிலான்னு எம்மச்சான் நக்கல் அடிப்பான், அதை நான் பாத்துக்கறேன். ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்குமுங்க."

நூர்ஜகான் டீச்சர், "பையனை எல்கேஜியில போடுங்க மேடம். பொண்ணை எங்கிட்ட விடுங்க,"ன்னாங்க.

"ஏம்மா, ஏ டு இசட் ஒப்பிக்கிற புள்ளைக்கு அரை கிளாஸா?" ஹெச்.எம். வாயிலயே அந்தப் பேரு வந்துருச்சு.

சென்னியப்பன் குடியிருக்கிறதும் அதே தெருவுலதான். தப்பான எடத்துல உக்கார வெச்சா, கட்டிலுக்கடியில போய்ப் படுக்கிறது இந்தத் தடவை தன் வீட்டுப் புள்ளையா இருக்குமேன்னு பயம்.

இப்ப நீங்க சொல்லுங்க. மூணு பேருமே புள்ளைங்க நல்லதுக்குத்தான் பேசறாங்க. அந்த ஒத்தை எடம் யாருக்கு? யார் சொன்னது சரி?

விடை: நூர்ஜகான் டீச்சர் சொன்னதுதான் சரி. ஏ டு இசட்டை எல்கேஜியே குடுத்துரும். அங்க யாரும் குடுக்க முடியாததைத்தான் புள்ளை கையோட கொண்டு வரணும். மீட்டிங்ல இதைச் சொன்னதே ஹெச்.எம்.தான், நிவிதா மூச்சு விடாம ஒப்பிச்சதைக் கேட்டதும் மறந்துட்டாங்க. கவின் தன் வேலையைத் தானே பாத்துக்கிறான், தேவைப்பட்டா வாயைத் தொறந்து கேக்கவும் செய்யறான். அவனுக்குப் பேச்சு வராம இல்ல, பேசறதுக்கு அவன் முறைதான் வரல. அப்பா சொன்ன மாதிரி ஒண்ணாவே விட்டிருந்தா நிவிதா கையும் கவின் வாயும் சும்மாவேதான் கெடந்திருக்கும். கடைசியில ஹெச்.எம். அப்படியே சேத்தாங்க. தீபாவளி லீவுக்கு முன்னாடி ஒரு நாள் இன்டர்வெல்ல, நிவிதா தானே மூடியைத் திருகிட்டு, அதைக் காட்டறதுக்கு எல்கேஜி ஜன்னலுக்கு ஓடுனா. உள்ள கவின் பக்கத்துப் பையன்கிட்ட அப்பா வண்டி சாக்கடையில விழுந்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிட்டிருந்தான். அக்காவைப் பாத்து, "இரு, முடிச்சிட்டு வரேன்,"ன்னான். நிவிதா குறுக்க பேசாம, தண்ணியைக் குடிச்சுக்கிட்டே நின்னா.