பாரம் மாறக்கூடாது

மட்டப்பாறை என்று ஓர் ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரரா என்று கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குக் காரணம் மூன்று பேர்: செங்கோடன், குப்பண்ணன், வேலப்பன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நீலக் கார் இருந்தது. குப்பண்ணன் யோசிப்பான், வேலப்பன் கருவிகளை எடுத்து வருவான். செங்கோடன் என்ன செய்வான் என்பது அவனுக்கும் தெரியாது. அதனால் அவனுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

பெண் பாவாயி, பக்கத்து ஊர் பொங்கியண்ணனின் ஒரே மகள். பொங்கியண்ணன் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். முப்பது வருஷம் டயரையே பார்த்ததில், மனுஷர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

"மாப்பிள்ளை, ஜாதகமெல்லாம் நான் பாக்கறதில்லீங்க" என்றார். "முகூர்த்தத்தன்னிக்கு உங்க கார் டயரைத் தடவிப் பாப்பேன். ஒரே சீராத் தேஞ்சிருந்தா ஒழுங்கான ஆளு, பொண்ணு உங்களுக்கு. ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அப்பவே பந்தலைப் பிரிச்சுருவேன்."

செங்கோடனுக்குப் பாவாயியை ரொம்பப் பிடித்திருந்தது. சரிங்க மாமா என்று டயரின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

பாவாயியும் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "கார் ஒசரமா இருக்குதுங்க. பட்டுச்சேலையோட ஏறுறது கஷ்டம். கொஞ்சம் எறக்குனா நல்லாருக்கும்."

அவ்வளவுதானே என்று மூவரும் ஊருக்கு வந்து வாசலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார்கள். காரைக் குழிக்குள் இறக்கினார்கள். கதவைத் திறக்க மட்டும் இடம் விட்டு மண்ணை அணைத்தார்கள். வேலப்பன் தன் அத்தையைக் கூப்பிட்டு ஏறச் சொன்னான். அத்தை சேலை நுனி கசங்காமல் ஏறி உட்கார்ந்தாள். எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

"எல்லாஞ் சரி. கல்யாணம் பொண்ணு ஊர்லயாச்சே?" என்றான் செங்கோடன்.

குப்பண்ணன் நெடுநேரம் யோசித்தான். "அப்ப குழியையும் கூடவே எடுத்துட்டுப் போகணும்."

"குழியை எங்கடா வெக்கிறது?"

"டிக்கியில."

டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். ஸ்டெப்னி இருந்தது. குழிக்கு இடம் பத்தாது என்று வருத்தத்தோடு மூடினார்கள். பிறகுதான் வேலப்பனுக்கு ரம்பம் ஞாபகம் வந்தது. காரைக் குழியிலிருந்து மேலே ஏற்றி, அடியில் படுத்து, நாலு ஸ்பிரிங்கிலும் ரெண்டு ரெண்டு சுற்று அறுத்து எடுத்தான். கார் கும்பிடு போடுவதுபோலத் தரையோடு தணிந்து நின்றது.

இருபது நாள் ஓட்டிய பிறகு குப்பண்ணன் டயரைத் தடவினான். வெளியோரம் புதுசு மாதிரி இருந்தது. உள்ளோரத்தில் கம்பி கையைக் குத்தியது.

செங்கோடன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "போச்சு. மாமா தடவுனா பந்தலைப் பிரிச்சுருவாரு."

"அழுவாதடா" என்றான் குப்பண்ணன். "அவரு என்ன கேட்டாரு? ஒரே சீராத் தேயணும்னாரு. உள்ளோரம் தன் வேலையை முடிச்சுருச்சு. வெளியோரந்தான் சோம்பேறி. அதை நாம தேய்ச்சுட்டாச் சரியாப் போகும்."

வேலப்பன் அரம் எடுத்து வந்தான். மூவரும் மூன்று நாள் உட்கார்ந்து நாலு டயரின் வெளியோரத்தையும் ராவினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் டயர் முழுக்க ஒரே சீராகக் கம்பி தெரிந்தது. கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் நாலும் ஒவ்வொன்றாக வெடித்தன.

புது டயர் மாட்டிக்கொண்டு டவுனில் சக்கரத்தை நேராக்கிக் கொடுக்கும் அலைன்மென்ட் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"ஸ்பிரிங்கை யாருங்க அறுத்தது?"

"நாந்தானுங்க" என்றான் வேலப்பன், பரிசு கொடுப்பார்கள் என்று.

"வண்டியை இப்படி எறக்குனா சக்கரம் காலை அகட்டி நிக்கும். மேல்பக்கம் உள்ள சாஞ்சுக்கும், உள்ளோரம் தின்னுரும். சரி, நிமித்தி விடறேன். எப்பவும் இந்த வண்டியில எத்தன பேரு போவீங்க?"

"மூணு பேரு."

"மூணு பேரும் ஏறி உக்காருங்க. எப்பவும் இருக்கற பாரத்தோட வெச்சுப் பாத்தாத்தான் சரியா வரும்."

ஏறினார்கள். குப்பண்ணன் ஸ்டியரிங்கில், வேலப்பன் பக்கத்தில், செங்கோடன் பின்சீட்டில். கடைக்காரர் ஒரு மணி நேரம் திருகினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பாரத்துக்குத் தோதா வெச்சிருக்கேன். பாரம் மாறாமப் பாத்துக்குங்க. டயர் ஒரே சீராத் தேயும்."

அன்றிலிருந்து மூவரும் காரை விட்டு இறங்கவில்லை.

சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது. சாப்பிட்டால் பாரம் கூடுமே என்று செங்கோடன் சந்தேகம் கேட்டான். சாப்பிடும்போது தட்டு லேசாகிவிடுவதால் கணக்குச் சரியாகிவிடும் என்று குப்பண்ணன் விளக்கினான். குளிப்பதற்கு அத்தை வெளியே நின்று குடத்தால் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீரை உடனே சொம்பில் மொண்டு வெளியே கொட்டினார்கள். தண்ணீரும் பாரம்தானே. இறங்கியே தீரவேண்டிய அவசரங்களுக்காக, அவரவர் எடைக்கு மணல் நிரப்பி, ஆளுக்கொரு மூட்டை பெயரெழுதி வாசலில் வைத்திருந்தார்கள். மூட்டை ஏறிய பிறகுதான் ஆள் இறங்குவான்.

முகூர்த்த நாளில் நீலக் கார் பெண் வீட்டுப் பந்தல் முன்னால் வந்து நின்றது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நாலு டயரையும் கண்ணை மூடித் தடவினார். செங்கோடன் பின்சீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான்.

பொங்கியண்ணன் கண்ணைத் திறந்தபோது அதில் தண்ணீர் நின்றது. "முப்பது வருஷத்துல இப்பிடி ஒரு தேய்மானத்தை நான் பாத்ததில்லீங்க மாப்பிள்ளை! எறங்கி வாங்க."

"மூட்டை வரட்டுங்க மாமா."

மூட்டை பின்னால் வந்த வேனில் இருந்தது. அதைப் பின்சீட்டில் ஏற்றிய பிறகு செங்கோடன் இறங்கிப்போய்த் தாலி கட்டினான். ஆரத்தி எடுக்க வந்த பெரியம்மா ஒருத்தி, காரில் உட்கார்ந்திருந்த மூட்டையில் செங்கோடன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

சிக்கல், பெண்ணை அழைத்துப் போகும்போது வந்தது.

"அம்மிணி, உங்க எடை எத்தன?" என்றான் குப்பண்ணன்.

"நாப்பத்தெட்டு."

"செங்கோடன் அறுவது. அவன் எடத்துல நீங்க உக்காந்தா பன்னண்டு கிலோ கொறையுதே."

பொங்கியண்ணன் உள்ளே போய்ப் பன்னிரண்டு கிலோ வெல்லம் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தார். எல்லோருக்கும் நிம்மதி.

"அப்ப அவரு எங்க உக்காருவாரு?" என்று பாவாயி கேட்டாள்.

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அவன் எடத்துலதான் நீங்க உக்காந்திருக்கீங்களே, அம்மிணி" என்றான் வேலப்பன்.

கார் மெதுவாகப் போனது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு பின்னால் நடந்தான். பதினோரு கிலோமீட்டர்.

அதோடு முடியவில்லை. புது ஜோடிக்கு ஊரெல்லாம் விருந்து. ஒவ்வொரு விருந்துக்கும் பாவாயி வெல்லத்தோடு காரில், செங்கோடன் பின்னால் நடையில். ரெண்டு மாசம் போயிற்று. ஆடிக்கு மகளை அழைக்க வந்த பொங்கியண்ணன், பழக்க தோஷத்தில் முதலில் டயரைத் தடவினார். அருமை. வாசற்படி ஏறினார். அங்கே மாப்பிள்ளையின் செருப்பு கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை, எடுத்துத் தடவினார்.

முகம் கறுத்துவிட்டது.

"மாப்பிள்ளை! உள்ளோரம் தின்னிருக்குது!"

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். இது நிமிர்ந்தாத்தான் திருப்பி அனுப்புவேன்" என்றார் பொங்கியண்ணன்.

"பொறுங்க பெரியவரே" என்றான் குப்பண்ணன். "நாங்க எதுக்கு இருக்கறோம்?"

எல்லோரும் டவுனுக்குப் போனார்கள். அலைன்மென்ட் கடைக்காரர், காரை ஏற்றும் மேடையில் ஏறி நின்ற செங்கோடனைச் சுற்றி ஒருதரம் நடந்தார். இவர்களோடு வாதாடினால் பொழுது போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"காலை அகட்டி நடக்கறாரு. அவ்வளவுதான். நேரா வெச்சு நடக்கச் சொல்லுங்க."

"அப்பிடியே விட்டா எப்பிடிங்க?" என்றான் வேலப்பன். "எப்பவும் இருக்கற பாரத்தோட வெச்சுப் பாக்க வேண்டாமா?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, இவருக்கு எப்பவும் இருக்கற பாரம் எது?"

மூவரும் கலந்து பேசினார்கள். கல்யாணம் ஆன ஆளுக்கு என்ன பாரம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பாவாயியைத் தூக்கி அவன் தோளில் உட்கார வைத்தார்கள். ஆச்சரியம், பாரம் ஏறியதும் செங்கோடனின் கால் ரெண்டும் தானாக நேராக நின்றன. பொங்கியண்ணன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"அப்பறம் ஒண்ணு" என்றான் குப்பண்ணன் கண்டிப்பாக. "பாரம் மாறக்கூடாது."

அதனால் இப்போதும் சந்தைக்கும் கோயிலுக்கும் செங்கோடன் பாவாயியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் போகிறான். செருப்பு ஒரே சீராகத் தேய்கிறது. பொங்கியண்ணன் மாசம் ஒருதரம் வந்து தடவிவிட்டுச் சந்தோஷமாகப் போகிறார். பாவாயிக்கும் குறை ஒன்றுமில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஊர் நன்றாகத் தெரிகிறதாம்.

போன வாரம்தான் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "காலையில ஏறும்போது இவரு ரொம்ப ஒசரமா இருக்காருங்க. கொஞ்சம் எறக்குனா நல்லாருக்கும்."

மூவரும் செங்கோடனின் முழங்காலைப் பார்த்தார்கள். செங்கோடனும் குனிந்து பார்த்தான். வேலப்பன் ரம்பம் எடுக்க எழுந்துவிட்டான்.

நல்லவேளை, குப்பண்ணன் யோசிக்கிறவன். "அவசரப்படாதடா" என்று அவன் கையைப் பிடித்தான். "மொதல்ல குழி வெட்டிப் பாப்போம்."