தேரோட்டியின் டீசல்

தலைவியைக் காணத் தேரை விரட்டச் சொல்லும் தலைவர்கள் பழம்பாடல்களில் நிறைய உண்டு. தேரோட்டிக்கும் ஒருத்தி காத்திருப்பாளே என்று கவலைப்படத்தான் ஆளில்லை.

மதுரை அப்பளக் கம்பெனி முதலாளி ரெத்தினவேலுவின் டிரைவர் சவரியப்பனுக்குப் பாம்பனில் மனைவி பிரகாசி காத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பார்த்த முகம், ஆடி பிறந்துவிட்டது. போனில் அவள் பேசும்போது பின்னால் கடல் இரையும். பேச்சு முடிந்தும் இவன் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டான்.

லீவு கேட்டால் முதலாளி சிரிப்பார். "வண்டி லீவு கேக்குதாடா? நீ மட்டும் கேக்குற!"

புது வண்டி வாங்கப் போன இடத்தில், நண்பர்கள் சூழ நின்று அவர் முழங்கினார்.

"பெட்ரோலா, டீசலா? நீயே சொல்லுடா. தப்பாச் சொன்னா வேலை கிடையாது."

வீடு, கம்பெனி, கிளப் தவிர அவர் எங்கும் போவதில்லை என்பது சவரியப்பனுக்குத் தெரியும்.

"உள்ளூருக்குள்ள சுத்துறவங்களுக்குப் பெட்ரோலுங்க. தூரந்தொலைவு போற பெரியவங்களுக்கு டீசல். மொதலாளி எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி மீசையைத் தடவினார்.

"டீசல்தான்! நம்ம யாவாரம் கடல் வரைக்கும்ல!"

"அப்ப வாராவாரம் கடல் வரைக்கும் ஓட்டிரணுங்க. டீசல் வண்டி சும்மா கெடந்தா கரி அடைச்சுக்கும். பாம்பன் ரோடு தோதா இருக்கும்."

நண்பர்கள் முன்னால் சொன்ன சொல்லை விழுங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை, பின்சீட்டில் உறங்கிய முதலாளி மீன் வறுக்கும் வாசனையில் கண்விழித்தார். வண்டி ஓட்டுவீட்டு வாசலில் நின்றது. சவரியப்பன் கையை விடாமல் ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்னடா இது?"

"வண்டி லீவு கேட்டுச்சுங்க, மொதலாளி."