அணில் அகலமாக்கிய வாசல்

மலையடிக் காட்டில் ஒரு நாவல் மரம். அதன் பொந்தில் ஓர் அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் பிறந்து நான்கே நாள்தான். கண் திறக்கவில்லை. உடம்பில் ஒரு முடிகூடக் கிடையாது. மாசி பிறந்தும் பனி விட்டபாடில்லை. குட்டிகள் நடுங்கும்போதெல்லாம் தாய் தன் வாலால் போர்த்தியது.

சும்மாவே அந்த அணிலுக்கு எல்லாவற்றுக்கும் பயம். இலை விழுந்தால் பயம். விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று அதைவிடப் பயம்!

அதே மரத்தின் எதிர்க்கிளைப் பொந்தில் ஒரு மைனா இருந்தது. அது ஒருநாள் எட்டிப் பார்த்தது.

"ஏண்டி, இது வீடா, எலி வளையா? ஒரே கும்மிருட்டு! வாசல் எலுமிச்சங்காய் அளவு இருந்தா வெயில் எப்படி உள்ளே வரும்?"

"பெரிசா இருந்தா குளிராதா அக்கா?"

"குளிரா? என் வீட்டுக்கு வந்து பாரு! விடிஞ்சதும் வெயில் நேரா படுக்கைக்கே வந்துடும். கதகதன்னு இருக்கும்!"

அணில் போய்ப் பார்த்தது. மைனா சொன்னது நிஜம்தான். அகல வாசல், உள்ளே தகதகவென்று வெளிச்சம். தன் பிள்ளைகள் மட்டும் இருட்டில் கிடக்கின்றனவே என்று அணிலுக்கு மனசு ஆறவில்லை. அன்றே கொறிக்கத் தொடங்கியது. கொறிப்பதற்கு அணிலுக்குச் சொல்லியா தரவேண்டும்? பொழுது சாய்வதற்குள் வாசல் தேங்காய் மூடி அளவுக்கு விரிந்துவிட்டது.

மறுநாள் காலை வெயில் தாராளமாக உள்ளே வந்தது. குட்டிகள் கைகால் நீட்டிப் படுத்தன. அணிலுக்குத் தலைகால் புரியவில்லை!

ஆனால் வெளிச்சம் வந்ததும் வேறொன்றும் கண்ணில் பட்டது. பழுத்துப்போன பனை நார், அழுக்கேறிய இலவம்பஞ்சு, எங்கோ பொறுக்கிய ஆட்டு முடி.

"ஐயையே! இந்தக் குப்பையிலா என் பிள்ளைங்களைப் படுக்க வச்சிருந்தேன்?"

அவ்வளவையும் வெளியே தள்ளிவிட்டது. பளபளவென்று நான்கு பச்சை இலைகளைப் பறித்துவந்து விரித்தது.

"இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு!" என்றது மைனா.

அடுத்த நாள் சூரியன் வரவில்லை.

மலையிலிருந்து மூடுபனி இறங்கி, தடுப்பாரில்லாமல் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. பச்சை இலைகள் சில்லிட்டன. குட்டிகள் முதலில் கீச்சிட்டன. பிறகு கீச்சிடவும் தெம்பில்லாமல் போயின. அணிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

'கீழே போய்ப் பஞ்சை எடுத்து வந்துடலாமா?' வாசலில் தலை நீட்டியது. அப்போதுதான் பார்த்தது. பக்கத்துக் கிளையில் செம்போத்து! பொந்து பொந்தாகத் தேடிக் குஞ்சுகளைத் தின்னும் பறவை. பழைய வாசலில் அதன் அலகு மட்டும்தான் நுழையும். இப்போதோ தலையே நுழையும்.

வெளியே போனால் செம்போத்து தின்றுவிடும். போகாவிட்டால் குளிர் கொன்றுவிடும். நான் என்ன செய்வேன், நான் என்ன செய்வேன் என்று அணில் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

பிறகு, எல்லாவற்றுக்கும் பயப்படும் அந்த அணில், வாசலில் தன் முதுகை வைத்து அடைத்துக்கொண்டது. குட்டிகளை வயிற்றோடு சேர்த்து அணைத்தது. வாலை வாயால் இழுத்து, முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி அவற்றின்மேல் போட்டது.

செம்போத்து வந்து உட்கார்ந்தது. "கொஞ்சம் நகரு!"

"மாட்டேன்!"

முதுகில் ஒரு கொத்து. உயிர் போகிற வலி.

"நகர மாட்டே?"

"கொத்திக்கோ! என்னைத் தின்னாலும் நகர மாட்டேன்!"

இரண்டாம் கொத்தில் ரத்தம் கசிந்தது. அணில் அலறிய அலறலில் எதிர்க்கிளை மைனா வெளியே வந்தது. பார்த்ததும் காடே அதிரக் கத்திக்கொண்டு செம்போத்தின் தலைமேல் பாய்ந்தது. அந்தக் கூச்சலுக்கு நாலைந்து மைனாக்கள் கூடிவிட்டன. செம்போத்து புதருக்குள் ஓடியது.

"அக்கா, பிள்ளைங்க அசையலை! படுக்க ஒண்ணுமே இல்லை!" என்று அழுதது அணில்.

மைனா உடனே எதிர்க்கிளைக்குப் பறந்தது. தன் வீட்டைப் பிய்த்தது. வைக்கோல், இறகு, நார் என்று வாய் நிறையக் கொண்டுவந்து திணித்தது. அணில் பாதியைக் குட்டிகளைச் சுற்றிப் பொதிந்தது. மீதியால் வாசலை, தான் நுழையும் அளவு மட்டும் விட்டு, இறுக்கி அடைத்தது. பொந்து பழையபடி இருண்டது.

"என் வீட்டில் இப்ப நான் ஒருத்திதான். குளிர்ந்தா இறகைச் சிலுப்பிக்குவேன். உன் பிள்ளைங்களுக்கு இறகும் இல்லை, முடியும் இல்லைன்னு இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லையேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டது மைனா.

"பெத்தவ எனக்கே உறைக்கலையே அக்கா!"

இருட்டில் அணில் ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்தது. ஒரு குட்டி அசைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று முனகியது. மூன்றாவது அப்படியே கிடந்தது. அணில் நக்கியது, நக்கியது, நாக்கு வறண்டும் நிறுத்தவில்லை.

வெளியே மைனா வாசலருகே உட்கார்ந்து, "என்னடி, என்னடி?" என்று கேட்டபடியே இருந்தது.

நெடுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "பால் குடிக்குது அக்கா! மூணும் குடிக்குது!"

பிறர் வீட்டு அழகைப் பார்த்து நம் வீட்டை மாற்றும் முன், நம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது தாங்குமா என்று பார்க்க வேண்டும்.