கடைசி வரிசைத் தொப்பி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பிராட்டிஸ்லாவாவில் என்னுடன் கட்டடக்கலை படித்த மார்கிதா சொன்னாள். அவளும் பாதியைத்தான் பார்த்தாள். மீதியை அவளுடைய மேலதிகாரி சிடோனியா சொல்லிக் கேட்டிருக்கிறாள். எங்கேயாவது கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

சிடோனியா தன் ஆசிரியரின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"நாளைக் கூட்டத்தில் நான் என்ன பேசட்டும், புரொஃபசர்?"

ஆசிரியர் பெயர் கஷ்பார் டிம்கோ. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்லோவாக்கியாவில் பள்ளிகளும் பாலங்களும் அரங்கங்களும் கான்கிரீட்டில் எழுந்தபோது, அவற்றை வரைந்த தலைமுறையைச் சேர்ந்தவர். வாஹ் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊருக்கு அவர் கட்டித் தந்த கலையரங்கத்தை இடித்துவிடலாம் என்று நகராட்சி நினைத்தது. மறுநாள் அந்த அரங்கத்திலேயே ஊர்க்கூட்டம். அது முடிந்ததும் வாக்கெடுப்பு.

டிம்கோ ஆப்பிளின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"மெல்லப் பேசுங்கள்," என்றார்.

"எவ்வளவு மெல்ல?"

"இப்போது என்னிடம் பேசுகிறீர்களே, அப்படி."

சிடோனியாவுக்கு எரிச்சல் வந்தது. அவளும் தலை நரைத்துக்கொண்டிருந்த கட்டடக்கலைஞர்தான். இவருடைய கட்டடம் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைந்திருந்தாள். ஊரில் சொல்வதையெல்லாம் அவரிடம் கொட்டினாள். அரங்கத்தில் எதிரொலி தாங்கவில்லையாம். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிவதில்லையாம். போதாததற்கு அது பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் கான்கிரீட்டாம்.

"ஆட்சி கான்கிரீட் கொடுத்தது உண்மை," என்றார் டிம்கோ. "அதுவும் மட்டமான கான்கிரீட். மற்றதெல்லாம் நாங்கள் செய்தது."

"அதையாவது சொல்லட்டுமா?"

"வேண்டாம். குறை சொல்வதுபோல் இருக்கும்."

ஆப்பிளில் பாதியை அவளிடம் நீட்டினார்.

"என்னையும் கூட்டிப் போங்கள். காரில் முன்சீட் வேண்டும். கால் மடங்காது."

அவர் அந்த அரங்கத்துக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கூப்பிட்டால்தான் போவார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

கூட்டத்தில் துணை மேயர் பெல்கோ முதலில் பேசினார். அவர் மைக்கில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பின்சுவரிலிருந்து திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுந்தது.

"பாருங்கள், கட்டடமே என்னை எதிர்த்துப் பேசுகிறது," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து சிடோனியா மேடையேறினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலைமுறை எதைக் கட்டியது, எவ்வளவு குறைவான பொருளைக் கொண்டு கட்டியது என்று சொல்லத் தொடங்கினாள்.

"கேட்கவில்லை," என்றார் கடைசி வரிசையில் தொப்பி போட்ட ஒரு கிழவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவள் குரலை உயர்த்தினாள். எதிரொலியும் உயர்ந்தது.

"இன்னும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டேஷன் அறிவிப்பே இதைவிடத் தேவலை, அம்மா."

மறுபடியும் சிரிப்பு.

முன்வரிசையில் டிம்கோ அவளைப் பார்க்கவே இல்லை. உடம்பைத் திருப்பிப் பின்சுவரின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையாகக் கறுப்பு ஒலிபெருக்கிகள்.

"அவை எப்போது வந்தன?" என்று பக்கத்திலிருந்த மார்கிதாவைக் கேட்டார்.

ஏதோ நடனப் போட்டிக்காக மாட்டினார்களாம், பிறகு கழற்றவில்லையாம் என்றாள் அவள்.

டிம்கோ எழுந்தார். கைப்பிடியைப் பற்றி மேடையின் படிகளில் ஏறினார். பெல்கோ உதவ வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மேடை ஓரத்தில் குனிந்து, சுவரிலிருந்து மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

அரங்கம் அமைதியானது.

"மெல்லப் பேசுங்கள் என்றுதானே சொன்னேன்," என்றார் சிடோனியாவிடம். கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் பேசிய அதே குரல். "கடைசி வரிசையில் இருக்கிறாரே, நல்ல மனிதர்தான். ஆனால் உள்ளே வந்தால் தொப்பியைக் கழற்றுவது நம் வழக்கம்."

கடைசி வரிசையில் அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதலில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். மடிப்பு மடிப்பாகச் சாய்த்து வைத்த பைன் பலகைகள்.

டிம்கோ சிடோனியாவிடமே பேசிக்கொண்டிருந்தார். கூரைப் பலகைகளைப் பொருத்தும்போது தன் மனைவி வில்மா இதே இடத்தில் நின்று உருளைக்கிழங்கு உருண்டை செய்யும் முறையை வாசித்தாளாம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். ஒரு சொல் காதில் விழாவிட்டாலும் தச்சர்கள் பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார்களாம். அவள் மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பாளாம்.

"தச்சர்கள் எல்லோருக்கும் சமையல் மனப்பாடம் ஆகிவிட்டது," என்றார். "அவர்களைப் போன்ற ஆட்களோடு வேலை செய்தேன் நான்."

தொப்பியை மடியில் வைத்திருந்த கிழவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அதில் உப்பு எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை," என்றார் டிம்கோ. "அந்தச் சொல்லுக்குத்தான் நாள் பிடித்தது."

மார்கிதா இதோடு நிறுத்திவிட்டாள்.

போன மாதம் நான் அந்த ஊருக்குப் போனேன். அரங்கம் திறந்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் இரண்டு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், இரண்டு நாளாகப் பல்வலி என்றார்.

திரும்பிப் பின்சுவரைப் பார்த்தேன். உச்சியில் வரிசையாகத் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.