எட்டாம் நம்பர்க் கால்

"என் காலைப் பார்க்காமலே என் காலுக்கு நம்பர் போட்டவன் எவன்டா?"

கத்தியவர் நாச்சிமுத்து. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். கத்திய இடம் விளையாட்டு மைதானம். நேரம், விடிந்தும் விடியாத நேரம். கையிலிருந்த ஷூ பறந்துபோய் நீளம் தாண்டுகிற மணல் குழியில் விழுந்தது.

"எங்கியோ ஏசி ரூம்ல உக்காந்துட்டு எட்டு எட்டுன்னு அச்சடிக்கிறவனே! மின்னல் குறி போட்ட எட்டு கடிக்குது. கழுகுக் குறி போட்ட எட்டுல காலு உள்ளயே நீச்சல் அடிக்குது. அலைக் குறி போட்ட எட்டுல குதிகாலே நுழையல. மூணும் எட்டாடா? திருட்டுப் பயலே!"

ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடியபடியே திரும்பிப் பார்த்தார்கள். குரு மட்டும் திரும்பவில்லை. ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவின் பெயர் செலின். ஓட்டப் பயிற்சியாளர். வயது இருபத்தெட்டு. சீடர் நாச்சிமுத்துக்கு ஐம்பத்து மூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் குரு. வயதைப் பார்த்து உட்கார வைக்க இதென்ன கல்யாணப் பந்தியா?

சர்க்கரை வந்ததால்தான் நாச்சிமுத்து ஓட வந்தார். வந்த இடத்தில் ஓட்டம் பிடித்துக்கொண்டது. இப்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நேரம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

"கோச்சம்மா, ஒரே ஒரு கேள்வி. எந்தக் கம்பெனி ஷூ என் காலுக்குச் சேரும்? பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே போய் வாங்கிப் போடறேன்."

"காலைக் காட்டுங்க, அண்ணா."

காட்டினார். வலது கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. இடது அதைவிட மோசம்.

"இந்த நகத்தோட ஆழியாறு ஏத்தம் ஏற முடியாது" என்றார் செலின். "கடைசி ஓட்டத்தை மயில்சாமி அண்ணனுக்குக் குடுத்துர்றேன்."

நாச்சிமுத்து காட்டிய காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தொடர் ஓட்டம். பொள்ளாச்சியில் தொடங்கி ஆழியாறு அணையில் முடியும். குழுவுக்கு நான்கு பேர். ஒருவர் ஓடி முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். கடைசி ஆள் மேட்டில் ஏறி, அணை வாசலில் நாடாவை நெஞ்சால் அறுக்க வேண்டும். அந்த நாடாவை நாச்சிமுத்து படுக்கையில் எத்தனையோ முறை அறுத்தாயிற்று. மனைவி இரண்டு முறை உதையும் வாங்கியாயிற்று.

அதை மயில்சாமிக்குக் கொடுப்பதா? மயில்சாமி அதே குழுவில் ஓடுகிறவர், அவருடைய சம்பந்தி. நாச்சிமுத்து மகனுக்குப் பெண் கொடுத்தவர். சம்பந்தி நாடாவை அறுத்தால் காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் போட்டோ வந்து நிற்கும்.

"அந்த மனுசனா? பந்திக்கு முந்தினதைத் தவிர வேற எதுக்கும் முந்தினதில்லைங்க! நேத்து அவரை ஒரு எருமை தாண்டிட்டுப் போச்சு. நானே பார்த்தேன்!"

"வெள்ளிக்கிழமை பேர் குடுக்கணும். அதுக்குள்ள நொண்டாம ஓடிக் காட்டுங்க."

"அப்பக் கம்பெனி பேரைச் சொல்லுங்க!"

செலின் அவரைப் பார்த்தார். "சந்தைக்கு ஒரு மாடு வருது. விக்கிறவன் நாலு வயசுங்கறான். என்ன பண்ணுவீங்க?"

"அவன் சொல்றதை எவன் கேப்பான்? வாயைத் தொறந்து பல்லைப் பார்ப்பேன். நடக்கவிட்டுப் பார்ப்பேன்."

"ஷூவுக்கு?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். பல்தான் தெரிந்தது.

"சாயங்காலம் ஓடி முடிச்சதும் கோயமுத்தூர் போறோம்" என்றார் செலின். "அப்படியே வேர்வையோட வாங்க."

"குளிச்சுட்டு வர்றேனுங்களே. கடைக்குப் போறப்ப ஒரு மரியாதை வேண்டாமா?"

"ஓடின கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். குளிச்சா சின்னதாயிரும். ஓடறது அந்தச் சின்னக் கால் இல்லையே."

ஹனீபா பாய் கடையில் சுவர் முழுக்க ஷூ. எல்லாக் கம்பெனியும் இருந்தது. நாச்சிமுத்து உட்கார்ந்தார். பாய் முதல் ஜோடியைக் கொண்டுவந்து காலில் நுழைத்தார்.

நுழைந்த உடனே நாச்சிமுத்து முகம் சுருங்கியது.

"ஏனுங் பாய், இதென்ன கடிக்குது? தையலும் ஒரு பக்கமா இழுக்குது. பழைய சரக்குங்களா? சரி, இவ்வளவு தூரம் வந்துட்டோம். பாத்துப் போட்டுக் குடுங்க, எடுத்துக்கறேன்."

பாய் சிரித்தார். "அண்ணே, இன்னும் ஒரு கால்தான் மாட்டியிருக்கு. அதுக்கும் லேஸ் கட்டல."

செலின் அவர் கையைப் பிடித்துக் கண்ணாடி ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நிஜமாவே கடிக்குதா?"

"மெதுவாப் பேசுங்க கோச்சம்மா! அதை எப்படிக் கடைக்காரர் காது கேக்கச் சொல்றது? புடிச்சிருக்குன்னு தெரிஞ்சா வெலை எறங்குமா?"

"என் காதுல சொல்லுங்க. கடிக்குதா, கடிக்கலையா?"

நாச்சிமுத்து குனிந்து காலைப் பார்த்தார். தூக்கினார். வைத்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"தெரியலைங்க."

சொன்ன பிறகு அவருக்கே அது புதிதாக இருந்தது. சந்தையில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தை.

"கடிச்சதையும் கடிக்குதுன்னேன். கடிக்காததையும் கடிக்குதுன்னேன். எது வெலை எறங்கி வந்துச்சோ அதை எடுத்தேன். காலு என்ன சொல்லுதுன்னு... கேட்டுப் பழக்கமில்லைங்க."

செலின் அவர் தோளில் கிடந்த துண்டை உருவினார். "சந்தையில இது எதுக்கு?"

"வெலை பேசங்க. ரெண்டு பேர் கைக்கு மேல துண்டைப் போட்டுக்குவோம். வெளிய வாய் ஆயிரம் பேசும். உள்ள விரலைப் புடிக்கிறதுதான் நெச வெலை. முடிஞ்சா துண்டை எடுப்போம்."

"துண்டுக்குள்ள பொய் சொல்லலாமா?"

சுர்ரென்று ஏறிவிட்டது அவருக்கு. "யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க? துண்டுக்குள்ள பொய் சொன்னவன் மறுவாரம் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது! எங்கப்பன் காலத்துல இருந்து..."

"சரி, உக்காருங்க."

உட்கார்ந்தார். செலின் துண்டை விரித்து அவர் முழங்காலிலிருந்து பாதம் வரை மூடினார்.

"பாய், கம்பெனி சொல்லாதீங்க. நம்பர் சொல்லாதீங்க. விலையும் வேண்டாம். ஒவ்வொண்ணா மாட்டிவிடுங்க. அண்ணா, நீங்க வாயே தொறக்கக் கூடாது. ஒத்து வரலேன்னா சும்மா இருங்க. வந்தா துண்டை எடுங்க."

"மொகத்தைச் சுளிக்கலாமுங்களா?"

"தாராளமா. நாங்க யாரும் பார்க்கப் போறதில்ல."

செலின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் தரையைப் பார்த்தபடி வேலையைத் தொடங்கினார். சுளித்துக் காட்ட ஆளில்லாமல் நாச்சிமுத்து முகம் கொஞ்ச நேரம் தவித்தது. பிறகு சும்மா ஆனது.

முதல் ஜோடி. எழுந்தார். துண்டைத் திரை மாதிரி இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தார். சுண்டுவிரல் ஏதோ முணுமுணுத்தது. இவ்வளவு காலம் அது முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. துண்டை எடுக்கவில்லை. உட்கார்ந்தார்.

அடுத்தது. அதில் நகம் போய் ஷூ முனையில் முட்டியது. அதற்கடுத்ததில் குதிகால் தூக்கித் தூக்கி விழுந்தது. இன்னொன்று நிற்கும்போது நன்றாக இருந்தது, குதித்ததும் பாதத்தின் நடுவில் ஒரு கல் முளைத்தது. பாய்க்கு வேர்த்தது. பெட்டிகள் குவிந்தன. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போது அப்படித்தான் மூடிக்கொள்வார்.

பிறகு ஒரு ஜோடி.

எழுந்தார். குதித்தார். சுண்டுவிரல் பேசவில்லை. நகம் பேசவில்லை. குதிகால் அடங்கி உட்கார்ந்திருந்தது. இன்னும் உயரமாகக் குதித்தார். கால் எதுவுமே சொல்லவில்லை.

துண்டு பறந்து பாய் தலையில் விழுந்தது. பாய் அதை எடுத்துவிட்டுப் பார்த்தபோது நாற்காலி காலி. கடைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே! அண்ணே! வெலை பேசலையே!"

ஒப்பணக்கார வீதியில் மாலைக் கூட்டம். ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே, புடவைப் பைகளுக்கு இடையே நாச்சிமுத்து ஓடினார். காலோரம் விலைச் சீட்டு துள்ளித் துள்ளி வந்தது.

"யாருங்ணா தொரத்தறாங்க?" என்று ஒரு பூக்காரம்மா பதறினாள்.

"யாரும் தொரத்தலீங்கோ!" என்று கத்திக்கொண்டே போனார். "சும்மா! சும்மா ஓடறனுங்கோ!"

வீதிக் கோடி வரை போனார். திரும்பி அதைவிட வேகமாக வந்தார். கடை வாசலில் நின்றபோது வேர்வை சொட்டியது. முகம் முழுக்கச் சிரிப்பு. முதல் வகுப்பில் சிலேட்டில் சரி போட்டு வாங்கிய பிள்ளையின் முகம்.

"பாய்! மாட்டினதே தெரியலைங்க பாய்! எனக்குக் காலு இருக்கறதே மறந்துபோச்சுங்க!"

பாய் கையைக் கட்டிக்கொண்டார். "மூஞ்சியைப் பார்த்துட்டேன் அண்ணே. இனி ஒத்தப் பைசா குறைக்க மாட்டேன்."

"கொறைக்காதீங்க! எவன் கேட்டான்?"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். செலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து ஒரு ஷூவைக் கழற்றி அதன் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அலைக் குறி. குதிகாலே நுழையாது என்று காலையில் திட்டிய அதே கம்பெனி. நம்பர் ஒன்பதரை.

"ஒம்பதரையா? அப்ப என்னை எட்டுன்னு சொன்னவன் எவன்?"

"யார் சொன்னாங்க?" என்றார் செலின்.

நாச்சிமுத்து யோசித்தார். "எள வயசுல, மாசாணியம்மன் கோயில் குண்டத்துல தீ மிதிக்கறதைப் பார்க்கப் போனப்ப வழிக்கடையில ஒரு ஷூ எடுத்தனுங்க. அதுதான் வெலை எறங்கி வந்துச்சு. அதுல எட்டுன்னு போட்டிருந்துச்சு. அப்புறம்... கேக்கறவங்களுக்கெல்லாம் நானேதான் எட்டுன்னு சொல்லிட்டிருந்தேன்."

அதில் நெடுநேரம் நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஷூவை மாட்டினார். மறுபடி குதித்தார்.

"கோச்சம்மா, இனிக் கடைசி ஓட்டம் எனக்குத்தானே? இந்தக் காலுக்கு மயில்சாமி எதிர்ல வந்து நிக்க முடியுமா?"

"மயில்சாமி அண்ணன் போட்டு ஓடறாரே ஒரு ஷூ. அது யார் வாங்கினது?"

"நானேதான்!" நெஞ்சு நிமிர்ந்தது. "ஒண்ணு எடுத்தா ஒண்ணு சும்மான்னு போட்டிருந்தான். அப்பவும் பேசி எறக்குனேன். எனக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ஒண்ணு. கட்டிக் குடுத்த வீட்டுல இருந்து இப்படி யாருங்க செய்வா?"

"என்ன நம்பர்?"

"எட்..."

நாச்சிமுத்து குதிப்பதை நிறுத்தினார்.

"வாங்கறப்ப அவர் காலைப் பார்த்தீங்களா?"

நாச்சிமுத்து குனிந்து, கட்டியிருந்த லேஸையே மறுபடி கட்டினார்.

"நான் பார்த்திருக்கேன்" என்றார் செலின். "எல்லாரும் போன பிறகு குழாயடியில உக்காந்து கழட்டுவார். ரெண்டு காலும் கறுப்பு. சாக்ஸ் ரத்தத்துல ஒட்டியிருக்கும். வேற வாங்குங்கன்னேன். பொண்ணைக் குடுத்தவன், சம்பந்தி ஆசையா வாங்கிக் குடுத்ததைக் கடிக்குதுன்னு எந்த வாயால சொல்றதுன்னார். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கினார். இன்னிக்கு அதை மீறிட்டேன்."

"அந்தக் காலோடயா தினமும் ஓடறாரு?"

"அந்தக் காலோடதான் தினமும் உங்க முதுகுக்குப் பின்னால வர்றார்."

பாய் குவிந்த பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். நாச்சிமுத்து தன் புது ஷூவைப் பார்த்தார். 

"நல்ல ஷூ போட்டார்னா... மேட்டுல என்னைத் தாண்டிருவாருங்களா?"

"தாண்டலாம்."

"அப்பக் கடைசி ஓட்டம்?"

செலின் தரையில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாச்சிமுத்து தோளில் போட்டார்.

"அதை வெள்ளிக்கிழமை ஓடிப் பார்த்துக்கலாம். அவர் காலைப் பார்க்காமலே எட்டுன்னு முடிவு பண்ணினவர் யாரோ, அவரை வரச் சொல்லுங்க, அண்ணா. பாய் கடையை மூடறதுக்குள்ள மயில்சாமி அண்ணனையும் இங்க வரவச்சு, இப்பவாவது அதைச் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க."